கைராசியம்மாவின் மத்தியானத் தூக்கம்

இரவு வேலை முடித்து வந்த பெண் பகலில் தூங்குகிற வீட்டில் சில பழக்கங்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டுவிடும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் குக்கர் வைக்க மாட்டோம். சோறு வடித்துத்தான் ஆகும். வாசல் கேட்டின் கொண்டியில் பழைய துணியைச் சுற்றி வைத்திருப்போம், இரும்பும் இரும்பும் இடித்துச் சத்தம் போடாமல் இருக்க. கீரை விற்கிற அம்மா எங்கள் வீட்டுக்கு முன்னதாகவே குரலைத் தணித்துக்கொள்வார். நான் பூஜை மணியைக் கையால் பொத்திப் பிடித்துத்தான் ஆட்டுவேன். அதற்காகச் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது என் நம்பிக்கை. ராத்திரி முழுக்க நின்ற காலோடு நின்றுவிட்டு வந்தவள் தூங்குகிறாள் என்று அவருக்குத் தெரியாதா?

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டில்தான் அவளுடைய வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. எனக்குக் காவிரிக்கரையில் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை நிலம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று வயலுக்கு வந்துவிட்டவன். ஆற்றில் தண்ணீர் ஓடினால் ஆற்றில், இல்லாவிட்டால் போர்த் தண்ணீரில் குளித்துவிட்டு, சிவன் கோயிலில் ஒரு விளக்கேற்றிய பிறகுதான் வாயில் எதையும் போடுவேன். வீட்டில் படித்தவள் அவள்தான். அவளைப் பற்றி நான் எழுத வேண்டியிருப்பது, அவள் எழுத மாட்டாள் என்பதால். கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "எழுதுங்க. ஆனா என்னைப் பெரிய மனுஷி ஆக்கிடாதீங்க. அதுல பட்டதே போதும்" என்றாள்.

அவளைப் பெரிய மனுஷி ஆக்கியது எங்கள் ஊர்தான்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கரு தங்காமல் தங்காமல் போய், ஒன்று நிறைமாதம் வரைக்கும் வந்திருந்தது. அவள் மாமியார் கருகாவூர் கோயிலில் வாங்கிய எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வாசலைவிட்டு நகரவேயில்லை. குழந்தை கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்தது. சத்தமில்லை. என் மனைவி படிப்பில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தாள். சளியை எடுத்தாள், முதுகைத் தேய்த்தாள், காற்றுக் கொடுத்தாள். அழுதுவிட்டது குழந்தை. அந்த மாமியார் உள்ளே வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது கையில்ல தாயி, கோயிலு" என்று அழுதாராம்.

அதிலிருந்து அவள் கைராசியம்மா ஆகிவிட்டாள்.

கைராசி எங்களுக்கு ஒன்றும் புதிய விஷயமில்லை. விதை தெளிக்கிறவருக்குக் கைராசி பார்ப்போம், கடையில் முதல் போணி செய்கிறவருக்குப் பார்ப்போம். நடவன்று முதல் நாற்று முடியை யார் எடுத்துக் கொடுப்பது என்று நானே ஆள் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, பிள்ளை பெறுகிற இடத்தில் பார்க்காமல் இருப்பார்களா? வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீடுகளில் என் மனைவியின் வேலை முறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீக்கடையில் ஒருவர் கேட்பார், "அம்மாவுக்கு இந்த வாரம் காலையா நைட்டா?" கடைக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவார். "பஸ்ஸு எப்ப வரும்னு கேளு, தெரியாது. கைராசியம்மா எப்ப வரும்னு கேளு, சொல்றேன்" என்பார். சொசைட்டியில் உரம் வாங்க நின்றால், "அம்மா வீட்டுக்காரரு, முன்ன வாங்க" என்று வழிவிடுவார்கள். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

அவள் முறை இல்லாத நேரத்தில் யாருக்காவது வலி எடுத்துவிட்டால் வீட்டுக்கே வண்டி வரும். அவள் குளித்துக்கொண்டிருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் போவாள். கையைக் கழுவிவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு போய், அங்கே வேலையில் இருக்கிற நர்ஸோடு சேர்ந்து நின்று பார்த்துவிட்டு வருவாள். முப்பது கழிந்து தீட்டுக் கழித்த பிறகு குழந்தையோடு வந்து, வெற்றிலை பாக்கும் வாழைத்தாரும் வைத்து விழுந்து கும்பிடுவார்கள். "என்னைக் கும்பிடாதீங்க, சாமியைக் கும்பிடுங்க" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சிரித்துக்கொண்டே கும்பிடுவார்கள்.

அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தக் கைகளை வீட்டில் நான் வேறு மாதிரி பார்த்தேன். கையுறை மாட்டி மாட்டி, மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து வெடித்திருக்கும். புளி கரைத்தால் எரியும். அதனால் குழம்பு வைக்கிற வேலை எனக்கு வந்தது. வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் வார்டைப் பார்க்க வேறு ஆளில்லை. வலியில் கத்துகிறவளும், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளும் ஒரே நர்ஸ் பொறுப்பு. நீர்க்கடுப்பு அவளை விட்டுப் போனதே கிடையாது. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். பிரதோஷத்தன்று கோயிலில் நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது, நின்றபடியே தூணில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தியில் கண்ணை மூடியிருக்கிறாள் என்று நினைத்தார்கள்.

அவள் உடம்பு கெட்டதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளைச் சுட்டது வேறு.

வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருந்தாள். பெரிய படிப்பு, நல்ல சுறுசுறுப்பு. என் மனைவியை அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். வருகிறவர்கள் அந்தப் பெண்ணைக் கிட்டே விட மாட்டார்கள். "நீ தள்ளு, அம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். ஒருநாள் வலியோடு வந்த ஒருத்தியின் புருஷன், குடித்துவிட்டு வந்தவன், "கைராசி இல்லாத கையை எம் பொண்டாட்டி மேல வைக்காத" என்று சொல்லி அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். கண்ணாடி உடைந்து புருவத்தில் கிழித்துவிட்டது. அந்த நிலையிலும் அவள் துணியை வைத்து அழுத்திக்கொண்டு அந்தப் பிரசவத்தைப் பார்த்து முடித்தாள். தடுக்க வாசலில் ஒரு காவலாளி கிடையாது.

மறுநாள் காலை என் மனைவி வேலைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சாப்பிடவில்லை.

"என் பேரைச் சொல்லி அந்தப் புள்ளைய அடிச்சிருக்கான்" என்றாள்.

"குடிகாரப் பய செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"குடிகாரன் கைதான். வார்த்தை ஊரோடதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நர்ஸ்கள் சங்கத்தின் கூட்டங்களுக்கு அவள் ஒழுங்காகப் போக ஆரம்பித்தாள். அதுவரைக்கும் சந்தா கொடுப்பதோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். வண்டியில் கொண்டுவந்து விட்ட புருஷன்மார்கள் நாங்கள் வெளியே பூவரச மரத்தடியில் நின்றோம். ஒருவர் சொன்னார், "நாமளும் ஒரு சங்கம் வைக்கணும்யா. நைட் டூட்டிச் சமையல்காரர் சங்கம்." இன்னொருவர், "தலைவரு நீதான். உன் ரசத்தைக் குடிச்சிட்டுத்தான் உன் வீட்டம்மா டபுள் டூட்டி கேட்டு வாங்கிட்டுப் போவுது" என்றார். சிரித்துக்கொண்டிருந்தோம். உள்ளே மைக்கில் என் மனைவியின் குரல் கேட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது.

பிரசவ வார்டு வாசலுக்குக் காவலாளி வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் இன்னொரு நர்ஸ் வேண்டும், நர்ஸ்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிவறை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னதையெல்லாம் அவளும் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"இன்னையிலேருந்து டூட்டி இல்லாத நேரத்துல யார் கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன். நான் வர்றதுனால நல்லது நடக்குதுன்னு நெனச்சேன். நான் வர வர, டூட்டியில இருக்கிற புள்ளைங்களுக்கு மரியாதை போவுது. அடி விழுது. நர்ஸுன்னா நர்ஸுதான். இதுல ராசியான நர்ஸு, ராசியில்லாத நர்ஸுன்னு கிடையாது."

கைதட்டினார்கள். புருவத்தில் தையல் போட்டிருந்த அந்தப் பெண் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி, "சொல்லிட்டேன். இருக்க முடியுமாங்க?" என்று கேட்டாள். முடியும் என்றேன். என் குரலில் உறுதி இருந்ததா என்பது சந்தேகம்தான்.

கொஞ்ச நாள் முடிந்தது. வந்தவர்களிடம் நயமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். சிலர் முகம் சுளித்தார்கள். "அம்மாவுக்குச் சங்கம் வந்துடுச்சு" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். ஆனால் அவள் மத்தியானத்தில் நன்றாகத் தூங்கினாள். கை வெடிப்புகூடக் கொஞ்சம் ஆறியது.

அந்த வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அவள் இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் என் பக்கத்து வயல்காரர். இரண்டு பேருக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மடையிலிருந்துதான் தண்ணீர் பிரியும். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய பெண்ணைச் சீர்காழியில் கொடுத்திருந்தது. தலைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவரோடு அவர் அக்காவும் இறங்கினார். அந்த வீட்டில் நல்லது கெட்டதெல்லாம் அந்த அக்கா சொல்படிதான்.

"தம்பி, அம்மாவைக் கொஞ்சம் எழுப்பு. பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கு" என்றார் அண்ணன்.

"ராத்திரி வேலை பாத்துட்டு வந்து இப்பத்தாண்ணே படுத்தாங்க."

"தெரியும்ப்பா. சங்கத்துல பேசினதும் தெரியும்" என்றார் அக்கா. "ஊருக்கு இல்லேன்னா பரவாயில்ல. ஒரே வாய்க்கால் தண்ணி பாயிறவங்க நாம. வந்து வயித்துல ஒரு கை வச்சிட்டு வந்தாப் போதும். கார்லயே கொண்டாந்து விட்டுடறோம்."

நான் பதில் தேடுவதற்குள் என் மனைவியே எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டே வாசலுக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"யாரு டூட்டி?"

"அந்தச் சின்னப் பொண்ணுதாம்மா. கண்ணாடிக்காரி."

"டாக்டரம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. பிரஷர் ஏறிக் கெடக்காம். ஊசி போட்டிருக்காங்க. தஞ்சாவூரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணுமாம்."

"ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?"

"வாசல்லதான் நிக்குது."

என் மனைவிக்குத் தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஆம்புலன்ஸை அங்க வாசல்ல நிக்க வச்சிட்டு, இங்க என் வாசல்ல நின்னு என்ன பண்றீங்க?" என்றாள்.

"கோவிச்சுக்காத தாயி" என்று அக்கா முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ராகுகாலம் ஓடிட்டிருக்கு. தலைப் பிரசவம். இந்த நேரத்துல ஊரு தாண்டி எப்படி ஏத்துறது? உன் கை பட்டு நீ போயிட்டு வான்னு சொல்லிட்டா, ராகுவாவது கேதுவாவது."

"பெரியம்மா, இது ராகுகாலம் பாக்குற நேரமா? பொண்ணு தலை வலிக்குதுன்னுச்சா?"

"காலையிலேருந்து சொல்லுது."

"கண்ணு மங்குதா?"

அக்கா தம்பியைப் பார்த்தார். அண்ணன், "ஏதோ புகையாத் தெரியுதுன்னா" என்றார்.

"ஜன்னி வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும். வந்துட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. இங்க அதுக்கு வசதி இல்லேன்னுதான் அனுப்புறாங்க. நான் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

"அதை அங்க வந்து சொல்லும்மா" என்றார் அண்ணன். அவர் கெஞ்சி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

என் மனைவி வாசற்படியில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தாள். போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்தாள். முடிவை அவளிடமே விட்டேன். இது அவள் தொழில், அவள் வார்த்தை. அவள் போனை எடுத்து வார்டுக்குப் பேசினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஏம்மா, நீ சொன்னது சரி. ஏத்திடு. நான் சொன்னேன்னு சொல்லு. கூடவே போற ஆளு தயாரா?"

"தயார்க்கா. இவங்க வீட்டு ஆளுங்கதான் அனுப்பக் கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

என் மனைவி போனை வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னாள், "இந்த மாதிரி நேரத்துல நான் வந்து நின்னா, நாளைக்கு அந்தப் பொண்ணு பேச்சை யாருண்ணே கேப்பாங்க? என் கையில ஒண்ணுமில்ல. நேரத்துலதான் இருக்கு. ஓடுங்க. இப்பவே ஏத்துங்க."

"சரிம்மா" என்றார் அவர். அக்கா காரில் ஏறினார்.

"ஆஸ்பத்திரிப் பக்கந்தானே திரும்பினாங்க?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் படுக்கவில்லை.

நடந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தச் சின்ன நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார்கள். போனதும் அக்கா, "கைராசிக்காரியே கை வைக்க மாட்டேன்னுட்டா. அவ கண்ணுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. ராகுகாலம் போவட்டும், அப்புறம் ஏத்துங்க" என்று சொல்லிவிட்டார். அந்தச் சின்ன நர்ஸ் பிரஷர் அளவைக் காட்டிக் கெஞ்சியிருக்கிறாள். என் மனைவி போனில் சொன்னதையும் சொல்லியிருக்கிறாள். "வர மாட்டேன்னு சொன்னவ பேச்சை எதுக்கு எங்ககிட்ட சொல்றே?" என்று கேட்டார்களாம். டாக்டரம்மா வந்து சத்தம் போட்டும் கையெழுத்து விழவில்லை. ராகுகாலம் முடிந்த பிறகுதான், சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பாதி வழியில் ஜன்னி கண்டுவிட்டது. தஞ்சாவூரில் உடனே ஆபரேஷன் செய்து தாயைக் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை. தங்கவில்லை.

அன்று மாலை அந்தச் செய்தி வந்தபோது என் மனைவி அடுக்களையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போயி கை வச்சிருந்தா ராகுகாலத்துலயே ஏறியிருப்பாங்கள்ல?" என்றாள்.

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏறியிருப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நான் செஞ்சது சரிங்க. சரியாச் செஞ்சும் புள்ள போயிடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த பேச்சுகளை எல்லாம் எழுத மனமில்லை. "டூட்டி பாத்தாளாம் டூட்டி. புள்ள பொறக்குறதுக்கும் டூட்டி நேரம் உண்டாடி?" என்று ஒரு கூட்டம் வார்டு வாசலில் வந்து கத்தியது. கண்ணாடிக் கதவு உடைந்தது. அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை. வயலில் என்னைக் கண்டால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு மாறிப் போய்விடுவார். தண்ணீர் முறையில் அவர் ஒருநாளும் தகராறு செய்ததில்லை. என் முறை வந்தால் மடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. ஏன் போகவில்லை என்று அவளைக் கேட்டார்கள். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வராந்தாவில் வந்து நின்றார்கள். அந்தச் சின்ன நர்ஸ் உள்ளே போய், "ராத்திரி முழுக்க வேலை பாத்தவங்க பகல்ல தூங்கினது குத்தம்னா, என்னையும் சேத்து எழுதிக்குங்க" என்று சொன்னாளாம். விசாரணை அதோடு முடிந்தது. உடைந்த கண்ணாடிக் கதவைப் பார்த்த பிறகு வார்டு வாசலுக்கு ஒரு காவலாளியையும் போட்டார்கள். பகல் முறைக்கு இன்னொரு நர்ஸும் வந்தார். தாழ்ப்பாள் போட்ட கழிவறையும் வந்தது. கேட்டது பெரும்பாலும் கிடைத்துவிட்டது. சங்கத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். என் மனைவியும் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் அதற்குள் அவள் பிரசவ வார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிற பிரிவுக்கு மாறியிருந்தாள். "அங்க யாரும் கைராசி கேக்க மாட்டாங்க" என்றாள்.

நான் கோயிலில் எத்தனையோ நாள் நின்று யோசித்திருக்கிறேன். கொடுக்கிறதும் எடுக்கிறதும் அவன் என்று வாயால் சொல்கிற நாங்கள்தான், அவனுடையதை எடுத்து ஒரு பெண்ணின் கையில் கட்டிவைத்தோம். அவள் கையில் படிப்பு இருந்தது, பழக்கம் இருந்தது, வெடிப்பும் வலியும் இருந்தன. இவற்றை நாங்கள் பார்க்கவில்லை. அவளும் எங்களை மாதிரி சாமி கும்பிடுகிறவள்தான். வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்திக்கு விளக்குப் போட அவளும் வருவாள். இப்போது வருவதில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். "நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள்.

மறு வருஷம் குறுவை அறுப்புச் சமயத்தில் அண்ணனின் பெண்ணே என் மனைவியின் பிரிவுக்கு வந்திருக்கிறாள். பிரஷர் விட்டுப் போகவில்லையாம். வரிசையில் நின்று, முறை வந்ததும் எதிரே உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறாள். என் மனைவி பிரஷர் பட்டையைச் சுற்றியிருக்கிறாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"இருக்கேங்க்கா."

பட்டையில் காற்று இறங்கியது. பிறகு அந்தப் பெண், "உங்க மேல எனக்கு வருத்தமில்லைக்கா. போகணும்னு அந்த நர்ஸு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஏத்துங்கன்னு நானும் சொன்னேன். எங்க அத்தைக்கு நேரம் தெரியும், உங்களுக்கு வைத்தியம் தெரியும். வயித்தை வச்சிருந்தவ நான். என்னைத்தான் யாரும் கேக்கல" என்றாளாம்.

இதை என்னிடம் சொன்னபோது என் மனைவி, "நானும் கேக்கலைங்க. போன்ல அவகிட்ட குடுன்னு சொல்லத் தோணல. நேரா அவகிட்டயே பேசியிருக்கலாம்" என்றாள்.

அவள் மேல் அந்தப் பெண்ணுக்கு வருத்தமில்லை என்பதில் நான் மனம் ஆறினேன். என் மனைவி ஆறவில்லை. திரும்பப் பிரசவ வார்டுக்குப் போகலாமே என்று ஒரு தடவை கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்கிற ஆட்டம்.

போன அறுவடையில் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காத்துக்கொண்டிருந்தேன். மழை வருமோ என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே ஒருவர் என்னிடம் கேட்டார்.

"உங்க வீட்டம்மாகூட இருந்துச்சே, கண்ணாடி போட்ட பொண்ணு. அதுக்கும் நல்ல கைராசியாமே?"

"அது நல்லாப் படிச்ச பொண்ணு. வேலை தெரிஞ்ச பொண்ணு" என்றேன்.

"அதான் சொல்றாங்க. எம் மருமவளுக்கு இந்த மாசம். அந்தப் பொண்ணுக்கு என்ன டூட்டின்னு வீட்டுல கேட்டுச் சொல்லுங்களேன்."

"எந்த டூட்டியில யாரு இருந்தாலும் அவங்க சொல்றதைக் கேளுங்க. தஞ்சாவூர் போகச் சொன்னா, அப்பவே ஏறுங்க."

"அது சரி, அது சரி" என்று தலையாட்டினார். கயிற்றை முடிந்துவிட்டு மறுபடி, "டூட்டிய மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். கேட்டதும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எங்கடி இருக்கே?"

"வீட்டுலதான்க்கா. இன்னைக்கு எனக்கு ஆஃப்."

"யாராவது தேடி வந்தாங்களா?"

"வந்தாங்க. நேத்து ரெண்டு பேரு, இன்னைக்குக் காலையில ஒருத்தரு" என்று அந்தப் பெண் சிரித்தது எனக்குக் கேட்டது.

"போனியா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"பாவமா இருந்துச்சுக்கா" என்றாள்.

என் மனைவி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.